துஞ்சினார், பட்டார், காலமானார்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஒருவர் இறந்த செய்தியை உறவினருக்குத் தொலைபேசியில் சொல்கிறவர் எவரும் ‘செத்துவிட்டார்’ என்று சொல்வதில்லை. தமிழ்நாட்டில் ‘தவறிட்டாங்க’ என்பார். யாழ்ப்பாணத்தில் ‘மோசம் போயிட்டார்’ என்பார். இன்னும் சிலர் ‘பெரியவர் போயிட்டார்’ என்று நிறுத்திக்கொள்வார்கள், எங்கே போனார் என்று எதிர்முனையில் இருப்பவர் கேட்கமாட்டார். இப்படி மறைத்துச் சொல்வதை நம் இலக்கணம் மங்கலம் என்று பெயரிட்டு, தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்திருக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் நன்னூலுக்கு உரை சொல்வோர் இதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள்.

துஞ்சுதல் என்றால் உறங்குதல். ‘துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்’ என்று வள்ளுவர் கள்ளுண்ணாமையில் சொல்லும்போது, துஞ்சினார் என்ற சொல் உறங்கியவரை மட்டுமே குறிக்கிறது. செத்தவரைக் குறிக்க அவர் செத்தார் என்றே வெளிப்படையாக எழுதுகிறார். ஆனால் புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகளில் அரசர்களுக்கு அடைமொழியாக வரும்போது அச்சொல் இறந்த இடத்தைச் சொல்கிறது: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி. ஒரே பெயரில் பல அரசர்கள் இருந்தமையால் இறந்த இடமே அவர்களைப் பிரித்தறியும் அடையாளமாயிற்று. இந்த வரிசையில் ஒருவன் மட்டும் துஞ்சவில்லை. ‘உண்டால் அம்ம இவ்வுலகம்’ என்று பாடிய இளம்பெருவழுதியைக் ‘கடலுள் மாய்ந்த’ என்றே குறித்திருக்கிறார்கள். மாய்தல் என்பது இல்லாமற்போதல். நீரில் போனவனுக்கு இன்ன மாடத்தில், இன்ன பள்ளியில் உறங்கினான் என்று சுட்டுவதற்கு இடம் ஏது? குறிப்பை எழுதியவர் சொல்லைத் தேர்ந்தே எழுதியிருக்கிறார் என்று நான் கருதுகிறேன்.

சோழர் காலத்திலும் இந்த மரபு தொடர்கிறது. சுந்தர சோழர் கல்வெட்டுகளில் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ ஆகிறார். 949இல் தக்கோலப் போரில் யானையின்மேல் இருந்தபடியே உயிர்விட்ட இராசாதித்தர் ‘ஆனைமேற்றுஞ்சினார்’ ஆகிறார். போர் நடுவே, அம்பு மழையில், யானைமேல் ஒருவர் உறங்கினார் என்று கல்லில் வெட்டுகிற அளவுக்கு மங்கலம் இறுகிவிட்டது. தக்கோலம் இருக்கும் அதே வட தமிழகத்தில், செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களில், கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் விழுந்த ஊர்வீரனுக்கு வேறு வினை கிடைத்தது: ‘தொறு மீட்டுப் பட்டான்.’ பட்டான் என்றால் அடிபட்டு வீழ்ந்தான். அரசனுக்கு உறக்கம், வீரனுக்கு வீழ்ச்சி. இரண்டில் வீரனுக்குக் கிடைத்த சொல்லே நேர்மையானது என்பது என் எண்ணம். அச்சொல் இன்று மனிதருக்கு வழங்காமல், ‘மரம் பட்டுப்போச்சு’ என்ற அளவில் தோட்டத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது.

மறைக்க வந்த சொல் நாளடைவில் தேய்ந்து தானே வெளிப்படையாகிவிடும் என்பதற்கு ‘இறத்தல்’ என்ற சொல்லைவிடச் சிறந்த சான்று இல்லை. இறத்தல் என்பதன் பழம்பொருள் கடத்தல், எல்லை மீறுதல். இறந்தகாலம் என்று நாம் பள்ளியில் படித்தது செத்த காலத்தை அன்று, கடந்த காலத்தை. வெகுளாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் ‘இறந்தார் இறந்தார் அனையர் சினத்தை’ என்று தொடங்குகிறது. முதலில் வரும் இறந்தார், சினத்தில் எல்லை மீறியவர். அடுத்து வரும் இறந்தார், உயிர் நீங்கியவர். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சொற்களில் பழைய பொருளும் புதிய பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இன்று முதற்பொருள் பேச்சில் இல்லை. கடந்து போனார் என்று நாசூக்காகச் சொல்ல உதவிய சொல், பிறப்பு இறப்புப் பதிவேட்டிலும் சான்றிதழிலும் அச்சாகும் அலுவலகச் சொல்லாகிவிட்டது. அதனால் அதற்கும் ஒரு போர்வை வேண்டியிருந்தது. காலமானார் என்றோம், மறைந்தார் என்றோம்.

சமயங்களும் கொள்கைகளும் தந்த சொற்கள் வேறு வகை. அவை இறந்தவர் எங்கே போனார் என்பதைச் சொல்லிவிடுகின்றன. சைவர் சிவபதம் அடைகிறார். வைணவர் ஆசாரியன் திருவடி அடைகிறார், பரமபதிக்கிறார். தமிழ் முஸ்லிம்கள் வஃபாத், மௌத் என்பார்கள். கிறித்தவத் தமிழில் ஒரு நுட்பம் உண்டு. கிறிஸ்து ‘மரித்தார்’ என்று அவர்கள் தயங்காமல் சொல்வார்கள், ஏனெனில் மரித்தால்தான் உயிர்த்தெழ முடியும்; தம் வீட்டுப் பெரியவரோ ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. துஞ்சினார் என்ற பழைய உறக்கம் வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. எந்த உலகமும் வேண்டாதவர்கள் ‘இயற்கை எய்தினார்’ என்று எழுதுகிறார்கள். அஞ்சலிச் சுவரொட்டியில் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்றிருக்கிறதா, ‘இயற்கை எய்தினார்’ என்றிருக்கிறதா என்று பார்த்தாலே அந்த வீட்டின் கொள்கையை ஓரளவு சொல்லிவிடலாம்.

வானொலியில் பேசிக்கொண்டு இலங்கை வானொலியின் மரண அறிவித்தல்களைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெயர், ‘அவர்கள் காலமானார்’. பிறகு ‘அன்னார்’ இன்னாரின் அன்புக் கணவரும் இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார் என்று உறவுமுறை நீளும். பூதவுடல் எந்த மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும் என்பதும் வரும். இதே வீட்டைப் பேச்சில் ‘செத்தவீடு’ என்பார்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் துக்கம் விசாரிக்கப் போவதைக் கேதம் கேட்கப் போவது, துட்டி கேட்கப் போவது என்பார்கள்.

சாவு என்ற சொல் தாழ்ந்தது என்று நினைப்பவர்கள், பேரன் பேத்தி எடுத்த முதியவர் இறந்தால் ஊர் அதைக் ‘கல்யாணச் சாவு’ என்று சொல்வதைக் கேட்க வேண்டும். அங்கே மரணம் என்றோ மறைவு என்றோ மாற்றிச் சொன்னால் தொடர் நிற்காது. வீரச்சாவும் அப்படித்தான். ‘பசியில சாகிறேன்’, ‘சாகடிக்கிறான்’ என்று உயிரோடிருப்பவர் நாளும் பயன்படுத்துவதும் இந்தச் சொல்லைத்தான்.

எனக்கு ஒவ்வாத ஒரு சொல்லையும் குறிப்பிட வேண்டும். ‘பேருந்து கவிழ்ந்து மூவர் பலி’ என்று செய்தித்தலைப்பு வருகிறது. பலி என்பது ஒரு தெய்வத்துக்கு ஒருவர் கொடுப்பது. இங்கே கொடுத்தவர் யார், கொண்டது எந்தத் தெய்வம்? இரண்டே எழுத்தில் முடிவதால் தலைப்புக்கு வசதி என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை. மாண்டனர், மடிந்தனர் என்பவை பஞ்சத்திலும் போரிலும் கூட்டமாக இறந்தவருக்குப் பொருந்தும். உயிர் நீத்தார், உயிர் துறந்தார் என்பவை தாமே விரும்பி உயிரை விட்டவரைச் சுட்டும். சாலையில் அடிபட்டவருக்கு இவை எவையும் ஆகா. ‘உயிரிழந்தனர்’ என்ற சொல் இப்போது செய்திகளில் பரவி வருகிறது. தலைப்பில் இன்னும் ஆறு எழுத்துக்கு இடம் ஒதுக்கி அதையே எழுதலாம்.

வணக்கம்.