தகரத்து ஓட்டையும் அம்மாயியின் மாத்திரையும்

வணக்கம். இன்றைக்கு வீட்டுக்குள் சிக்னல் இல்லை, அதனால் எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே இருக்கும் மேட்டில் உட்கார்ந்து பேசுகிறேன். கீழே தெரிவது காசல்ரீ நீர்த்தேக்கம். பனி மூடுவதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நீ படிப்பது நர்ஸுக்கா, டொக்டருக்கா?" என்று தோட்டத்தில் எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் இல்லை. வைத்தியம் பார்க்கப் போனவருக்கு வைத்தியத்தாலேயே கெடுதல் வராமல் ஓர் ஆஸ்பத்திரியை எப்படி நடத்துவது, அதற்கு யார் பொறுப்பு, இதுதான் என் படிப்பு. பாதுகாப்பு, தரம், ஆளுகை என்று பாடத்துக்கு நீளமான பெயர். அதை அம்மாயியின் கதையோடு சொன்னால் சீக்கிரம் புரியும்.

போன வருடம் அம்மாயி, தண்ணி பிடிக்கும் பீலியடியில் மயங்கி விழுந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். பக்கத்து வீட்டு அக்கா சீனி அள்ளிப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார், கொஞ்சத்தில் தெளிந்துவிட்டது. அப்புறம்தான் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தோம். சீனி வருத்தத்துக்கு அரசாங்க கிளினிக்கில், இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரை கொடுத்திருந்தார்கள். இடையில் கால் எரிகிறது என்று டவுனில் ஒரு தனியார் டொக்டரிடம் காட்டியிருந்தோம். அவரும் சீனிக்கு எழுதியிருக்கிறார். அதே கிளிக்லசைட், கம்பனி வைத்த வேறு பெயரில். அம்மாயி இரண்டையும் ஒரு வேளை தவறாமல் போட்டிருக்கிறார்!

உடனே வீட்டில் விசாரணை. மாமா டொக்டரைத் திட்டினார். அம்மா என்னைத் திட்டினார்.

ஜேம்ஸ் ரீசன் என்ற பிரித்தானிய உளவியலாளர், இந்த மாதிரி விபத்தை ஓட்டையுள்ள சீஸ் துண்டுகளை அடுக்கி வைத்து விளக்கினார். எங்கள் பக்கம் அந்த சீஸை யார் கண்டது? நான் லயத்துக் கூரையை நினைத்துக்கொள்வேன். பழைய தகரத்தில் ஆணி ஓட்டை இருக்கும். மேலே இன்னொரு பழைய தகரம் போட்டால் ஒழுகாது, அதிலும் ஓட்டை இருந்தால்கூட. எல்லா ஓட்டையும் ஒரே நேருக்கு வரும் அன்றைக்குத்தான் பாய் நனையும்.

அம்மாயிக்கு அப்படித்தான் ஆனது. கிளினிக் கொப்பியை டவுனுக்கு எடுத்துப் போகவில்லை. டொக்டரும் கேட்கவில்லை. ஒரு கவரில் சிங்களம், இன்னொன்றில் ஆங்கிலம், அம்மாயிக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். வாசித்துச் சொல்லக்கூடிய நான் கொழும்பில் இருந்தேன். இதில் ஒன்று அடைபட்டிருந்தாலும் அவர் விழுந்திருக்க மாட்டார்.

சரி, ஓட்டையை எப்படி அடைப்பது? உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திர சிகிச்சைக்கு 19 விஷயங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. நோயாளியின் பெயர், வெட்ட வேண்டிய இடம், ஒவ்வாமை, உள்ளே வைத்த பஞ்சுகளின் கணக்கு என்று எல்லாம் சாதாரண கேள்விகள். லண்டன், புது டில்லி, டான்சானியாவின் இஃபகாரா உட்பட 8 நகரங்களில் 8 ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்தார்கள். மரண வீதம் 1.5லிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009இல் வெளியிட்டார்கள். ஒரு காகிதம் செய்த வேலையா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் இந்தப் பட்டியல் வந்த 101 ஆஸ்பத்திரிகளைப் பார்த்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் தெரியவில்லை. ஏன் என்று நிறைய விவாதம் நடந்தது. என் எண்ணம், பட்டியலில் சரி அடையாளம் போடுவது சுலபம், வாய் திறப்பது கஷ்டம். அந்தப் பட்டியலிலேயே, அறையில் இருக்கும் எல்லாரும் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகமாக வேண்டும் என்று ஒரு வரி உண்டு. பேர் சொல்லிப் பேசியவர்தான் அப்புறம் "சேர், ஒரு நிமிஷம்" என்று நிறுத்தத் துணிவார். தொரைக்கு முன்னால் கங்காணியே வாய் திறக்காத ஊரில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பிழையைச் சொன்ன சிற்றூழியருக்கே தண்டனை என்றால், அடுத்த பிழையை யாரும் சொல்ல மாட்டார்கள். மேலிடத்துக்குத் தெரியவும் தெரியாது.

இப்போது அம்மாயியின் மாத்திரை எல்லாம் ஒரே டப்பாவில் இருக்கிறது. காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரைந்து ஒட்டியிருக்கிறேன். கிளினிக் கொப்பிக்குள் மாத்திரைப் பெயர்களும் தமிழில் உண்டு. நேற்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "ஏன்டி, அமாவாசைக்கு மாத்திரை கிடையாதா?"