பேக்கன் சுற்றிய பிக்கிள்: மொறுமொறுப்பைக் கெடுப்பது யார்?

வணக்கம் நேயர்களே. பன்னிரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், அதனால் நேராக அடுப்படிக்கே போய்விடலாம். இன்றைய பலகாரம் பேக்கன் சுற்றிய பிக்கிள். வினிகரில் ஊறிய சின்ன வெள்ளரிக்காயின் மேல் பேக்கனை, அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய மெல்லிய பன்றி இறைச்சித் துண்டைச் சுற்றி மொறுமொறுவென்று சுட்டெடுப்பது. கிறிஸ்துமஸ் விருந்து, ஆண்டிறுதிக் கூடல், காற்பந்து பார்க்க நண்பர்கள் வரும் சனிக்கிழமை இரவு, இதற்கெல்லாம் தோதான கொறிப்பு. பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். வான்கோழி, மாட்டிறைச்சி, சைவம் மூன்றுக்கும் வழி இருக்கிறது.

வீட்டில் இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "சவசவ என்று இருக்கிறது." நல்ல பேக்கன், நல்ல பிக்கிள், புது ஏர் ஃபிரையர், எல்லாம் இருந்தும் சவசவ. காரணம் தண்ணீர். இன்றைக்கு நான் எதைப் பேசினாலும் சுற்றிச் சுற்றித் தண்ணீரிடமே வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளரிக்காயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 95 கிராம் தண்ணீர். ஊறப்போட்டாலும் அது பெரிதாகக் குறையாது, உப்பும் புளிப்பும் ஏறிய தண்ணீராக மாறியிருக்கும், அவ்வளவே. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும். இறைச்சி சிவந்து மணம் வருவதற்கு 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பேக்கனின் உட்பக்கம் ஈரமாக இருக்கும்வரை அந்த இடத்தில் சூடு 100-ஐத் தாண்டாது. மேலே வறுபடும், உள்ளே அவியும். நீங்கள் நேரத்தைக் கூட்டினால் மேல்பக்கம் கருகும், உட்பக்கம் அப்போதும் அவிந்துகொண்டுதான் இருக்கும்.

ஆகவே முதல் வேலை கடையில் தொடங்குகிறது. பேரங்காடியில் பிக்கிள் போத்தலை எடுத்ததும் சிட்டையைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை சேர்த்த இனிப்பு வகையாக இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். சுடும்போது அந்தச் சர்க்கரை பேக்கனின் ஓரத்தில் கசிந்து, கொழுப்பு உருகுவதற்கு முன்பே கருகிவிடும். சதகுப்பை சேர்ந்த புளிப்பு வகை, அதாவது டில் பிக்கிள், இதற்குப் பொருத்தம். விரல் நீளத்தில், 5 அல்லது 6 சென்டிமீட்டர் இருக்கும் சின்ன வெள்ளரிப் பிக்கிள், அதாவது கெர்க்கின், கிடைத்தால் மிக நல்லது. வட்டமாக நறுக்கிப் போத்தலில் அடைத்தது வேண்டாம். எல்லாப் பக்கமும் வெட்டுப்பட்டு, எல்லாப் பக்கமும் நீர் விடும். நம் மாங்காய் ஊறுகாயும் இதற்கு ஆகாது, எண்ணெயும் மிளகாயும் முதலில் தீய்ந்துவிடும்.

அடுத்து பேக்கன். தொப்பைப் பகுதியிலிருந்து வரும், கொழுப்பும் சதையும் வரிவரியாக இருக்கும் ஸ்ட்ரீக்கி பேக்கன்தான் வேண்டும். முதுகுப் பகுதியில் வரும் அகலமான வகையில் கொழுப்பு ஓரத்தில் மட்டும் இருக்கும், சுற்றினால் சதை காய்ந்து தோல்போல ஆகிவிடும். மெல்லியதாக வெட்டியதை எடுங்கள். தடித்த துண்டு காலைச் சாப்பாட்டுக்கு அருமை, ஆனால் இதில் அதன் கொழுப்பு உருகி முடிப்பதற்குள் பிக்கிள் கூழாகிவிடும். சிட்டையில் தண்ணீர் சேர்த்ததாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புநீர் ஊசி போட்ட மலிவு பேக்கனைச் சுடும்போது வெள்ளையாக ஒரு நுரை வரும். அது தண்ணீரும் புரதமும். பார்த்தீர்களா, மறுபடியும் தண்ணீர்.

சீனப் புத்தாண்டு சமயத்தில் வீட்டில் பக்வா மிஞ்சியிருக்கும், அதைச் சுற்றலாமா என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். அது ஏற்கெனவே வெந்த, சர்க்கரை பூசிய இறைச்சி. வளைத்தால் உடையும், சூடு பட்டால் கருகும். அப்படியே சாப்பிடுங்கள்.

இப்போது காய வைக்கும் வேலை. இங்கேதான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன், ஏனென்றால் எல்லாரும் தாண்டிப்போவது இந்த இடத்தைத்தான். 16 கெர்க்கின் என்று வைத்துக்கொள்வோம். வடிதட்டில் கொட்டி அரை மணி நேரம் வடிய விடுங்கள். உப்பு அதிகம் என்று பட்டால் அதற்கு முன்பே குளிர்ந்த நீரில் 20 நிமிடம் போட்டு எடுத்துவிடலாம். பேக்கனிலும் உப்பு இருக்கிறது, நாமாக உப்புச் சேர்க்கும் பேச்சே இதில் கிடையாது. பிறகு ஒவ்வொன்றாகச் சமையலறைத் தாளில் உருட்டி, மெதுவாக அழுத்தி ஒற்றுங்கள். பெரிய பிக்கிளாக இருந்தால் நீளவாக்கில் நான்காக வெட்டி, நடுவிலுள்ள விதையைத் தேக்கரண்டியால் சுரண்டி எறிந்துவிடுங்கள். நீர் அதிகம் தங்குவது அந்த விதைப் பகுதியில்தான்.

ஒற்றியாயிற்று, அப்படியே மேசையில் வைத்தால் காய்ந்துவிடும் என்று நினைப்போம். நம் ஊரில் அது நடக்காது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். மேசையில் வைத்தது மேசையில் ஈரமாகவே இருக்கும். குளிர்பதனப் பெட்டிக்குள் வையுங்கள், மூடாமல், கம்பித் தட்டின் மேல், ஒன்றோடொன்று ஒட்டாமல். உள்ளே இருக்கும் குளிர்ந்த தகடு காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் அந்தக் காற்று உலர்ந்திருக்கும். இரண்டு மணி நேரம் போதும், முதல் நாள் இரவே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. எடுத்ததும் 16 துண்டுக்கு 1 தேக்கரண்டி சோளமாவு தூவிக் குலுக்குங்கள். மிச்சமுள்ள ஈரத்தை மாவு குடித்துக்கொள்ளும், பேக்கனும் வழுக்காமல் பிடிக்கும். மறுபடி சொல்கிறேன்: வடிப்பது, ஒற்றுவது, குளிர்பதனப் பெட்டி, சோளமாவு. இந்த நான்கில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் குளிர்பதனப் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு சின்னத் திருப்பம். பிக்கிளைச் சூடாகச் சாப்பிடுவது யாருக்குத் தோன்றியது என்று கேட்டால், அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஆட்கின்ஸ் என்ற சிற்றூரைச் சொல்வார்கள். அங்கே 1963-ல் பெர்னல் ஆஸ்டின் என்பவர் தம் சாலையோர உணவகத்தில் பிக்கிளை மாவில் தோய்த்துப் பொரித்து விற்றார். எதிர்ப்பக்கமே பிக்கிள் ஆலை, சரக்குக்குப் பஞ்சமில்லை. அவருக்கு மாவும் எண்ணெய்க் கடாயும் தேவைப்பட்டன. பேக்கன் சுற்றும்போது அந்த இரண்டு வேலையையும் பேக்கனே பார்க்கிறது. மேலுறையும் அதுதான், எண்ணெயும் அதிலிருந்தே வருகிறது. அந்த எண்ணெய் வெளியே வர நாம் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, சுற்றுவோம். 16 சின்ன கெர்க்கினுக்கு 8 பேக்கன் துண்டு, ஒவ்வொன்றையும் குறுக்கே பாதியாக வெட்டியது. பலகையில் வைத்து, கத்தியின் முதுகுப் பக்கத்தால் அழுத்தி இழுங்கள். நீளும், மெலியும், சுடும்போது அதிகம் சுருங்காது. ஒரு முனையிலிருந்து சாய்வாகச் சுற்றிக்கொண்டே போங்கள். ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று அரை சென்டிமீட்டருக்கு மேல் ஏற வேண்டாம். இரண்டு அடுக்காகிற இடத்தில் உள்ளடுக்கு வேகாமல் வெள்ளையாக, ரப்பர்போல நிற்கும். முடிவு முனை அடிப்பக்கம் வருமாறு வையுங்கள். ஏர் ஃபிரையரில் விசிறி வேகமாக அடிப்பதால் முனை பிரிந்து மேலே பறக்கும், அதனால் பல்குச்சி குத்துவது நல்லது. குச்சியை 15 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, வெளியே நீட்டாமல் குத்துங்கள். பரிமாறும்போது உருவி விடுங்கள், பிள்ளைகள் இருக்கும் வீடு.

சூட்டுக்கு இரண்டே எண்தான்: 180, 200. ஏர் ஃபிரையரை 180 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரே அடுக்காக, இடைவெளி விட்டு வைத்து 8 நிமிடம். இது கொழுப்பு உருகும் நேரம், நிறத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். திறந்து, இடுக்கியால் திருப்பிவிட்டு, 200 டிகிரியில் 4 முதல் 6 நிமிடம். இது சிவக்கும் நேரம். ஆரம்பத்திலேயே 200 வைத்தால் சதை சிவந்துவிடும், கொழுப்பு உருகாமல் வழவழவென்று நிற்கும். கூடையில் 16-உம் நெருக்கியடித்து இருந்தால் இரண்டு ஈடாகப் போடுங்கள். நெருக்கினால் ஆவி வெளியேற இடம் கிடையாது.

ஓவன் அடுப்பு வைத்திருப்பவர்கள் 200 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம், பாதியில் ஒரு திருப்பல். தட்டின் மேல் கம்பி வலை வைத்து அதன்மேல் அடுக்குங்கள், உருகிய கொழுப்பிலேயே கிடந்தால் அடிப்பக்கம் மொறுமொறுக்காது. இரண்டும் இல்லையா, வாணலி போதும். சூடாகாத வாணலியில் முனை கீழே இருக்குமாறு வைத்து, சிறு தீயில் உருட்டி உருட்டி 15 நிமிடம்.

வீவக அடுக்குமாடி வீட்டில் புகையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஏர் ஃபிரையரின் அடித்தட்டில் சொட்டும் கொழுப்பு சூடேறிப் புகையும். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம், அது நம் பலகாரத்துக்கும் கத்தும். கூடைக்குக் கீழே தட்டில் 2 மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றி வையுங்கள். தண்ணீரை இவ்வளவு திட்டியவர் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாரே என்று கேட்பீர்கள். அந்தச் சிறு அளவு ஆவியை விசிறி வெளியே தள்ளிவிடும், புகை அடங்கும். வேலை முடிந்ததும் கொழுப்பைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆறவிட்டு, பழைய டின்னிலோ தாளிலோ எடுத்து, கட்டிக் குப்பையில் போடுங்கள்.

எடுத்ததும் டிஷ்யூ விரித்த தட்டில் கொட்டுவது நம் பழக்கம். இதற்கு அது ஆகாது. கீழே ஆவி சிக்கி, இரண்டு நிமிடத்தில் அடிப்பக்கம் தொய்ந்துவிடும். கம்பி வலையில் 5 நிமிடம் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் சாறு வாயைச் சுடும், அதற்காகவும்தான். என்ன செய்தாலும் மொறுமொறுப்பு 20 நிமிடம், மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். பிக்கிள் உள்ளிருந்து ஈரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் விருந்தென்றால் முன்கூட்டியே முழுதும் வேகவைத்து, நிறம் மட்டும் குறைவாக எடுத்து, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். விருந்தினர் காலணியைக் கழற்றும்போது 200 டிகிரியில் 4 நிமிடம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். பச்சையாகச் சுற்றி இரவெல்லாம் வைப்பதும் வேண்டாம், உப்பு தண்ணீரை இழுத்துவிடும். சமைத்ததை மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், நம் வெயிலில் கிருமிக்கு அது போதும்.

பாலாடைக்கட்டி வைக்கலாமா? வைக்கலாம். பெரிய பிக்கிளைப் பாதியாக்கி, விதை சுரண்டிய பள்ளத்தில் 1 தேக்கரண்டி கிரீம் சீஸ் தடவி, உறைபெட்டியில் 20 நிமிடம் வைத்தபின் சுற்றுங்கள். முனைகளைப் பேக்கன் மூடாவிட்டால் சீஸ் முழுவதும் கூடையில்தான் கிடக்கும். தேனோ பனைவெல்லமோ பூச விரும்பினால் கடைசி 2 நிமிடத்தில் மட்டும்.

நேரம் ஓடுகிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வான்கோழி பேக்கனில் கொழுப்பு சொற்பம். மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி 180 டிகிரியில் மொத்தம் 8 அல்லது 9 நிமிடம், 200-க்குப் போக வேண்டாம். கொழுப்புள்ள மாட்டிறைச்சி வகைக்குப் பன்றிக்குச் சொன்ன கணக்கே. முஸ்லிம் நண்பர்களுக்கென்றால் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள், பன்றி சுட்ட கூடையில் அதைச் சுடாதீர்கள். கழுவிவிட்டேன் என்பது பதிலாகாது. சைவத்துக்கு உறைந்த பொப்பியா தோலை, அதாவது ஸ்பிரிங் ரோல் சுற்றும் மெல்லிய மாவுத் தாளை, நீளமாக வெட்டிச் சுற்றி, ஓரத்தை மாவுக் கரைசலால் ஒட்டி, எண்ணெய் தடவி 180-ல் 8 முதல் 10 நிமிடம்.

அளவு, ஆளுக்கு மூன்று. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது பரிந்துரைக்கும் உச்சவரம்பு, இந்தத் தட்டு அதை வேகமாகத் தின்றுவிடும். பதப்படுத்திய இறைச்சியை 2015-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்திருக்கிறது, ஆகவே விருந்து நாளோடு நிறுத்துங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தொட்டுக்கொள்ள 3 மேசைக்கரண்டி மயோனைஸ், 1 தேக்கரண்டி சம்பல் மிளகாய் விழுது, ஒரு கலமன்சி சின்ன எலுமிச்சையின் சாறு. உப்பு போடாதீர்கள். நன்றி, வணக்கம்.