சுமாரான குரலை வீட்டிலயே எடுத்து மிக்ஸ் பண்றது எப்படி

வணக்கம் மக்களே. கரோக்கி ட்ராக் மேல பாடி அப்லோடு பண்ணணும், ஆனா குரல் சுமார்தான், சுருதி அங்கங்க நழுவும். இந்தக் குரலை எப்படி எடுக்கிறது, எப்படி மிக்ஸ் பண்றதுங்கிறதுதான் இன்னிக்கு. ப்ளகினுக்கு (சாஃப்ட்வேருக்குள்ள போடுற குரல் எஃபெக்ட்) கடைசியில வரேன். பாதிக் குறை அதுக்கு முன்னாடியே தீந்துடும்.

மொதல்ல கட்டை, அதாவது பாட்டோட சுருதி உயரம். ட்ராக் இருக்கிற கட்டையிலயேதான் பாடணும்னு சட்டமா என்ன? பாட்டுல ரொம்ப மேல போற வரியை மட்டும் பாட வெச்சுப் பாருங்க. கழுத்து நரம்பு பொடைச்சா கட்டை ஜாஸ்தி. ரீப்பர், ஆடாசிட்டி மாதிரி ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ட்ராக்கை 2 செமிடோன் (ஒரு செமிடோன்னா அரைக் கட்டை) எறக்குங்க. 2 கட்டைப் பாட்டு 1 கட்டைக்கு வந்துடும். 3 செமிடோன் தாண்டினா தபேலாவும் சிம்பலும் தண்ணிக்குள்ள இருந்து கேக்கிற மாதிரி ஆயிடும். எறக்கினப்புறம் பல்லவியோட கீழ் சுரத்தையும் பாடிப் பாருங்க. அங்க வெறும் காத்துதான் வருதுன்னா அரைக் கட்டை திரும்ப ஏத்துங்க.

அடுத்தது ரூம். ஃபேன், ஏசி ஆஃப். காலி ஹால் வேண்டாம், மெத்தை இருக்கிற பெட்ரூம் போதும். துணி அடைச்ச பீரோவைத் திறந்து வெச்சு, பாடுறவங்க முதுகு அதுக்கு நேரா இருக்கிற மாதிரி நிக்கட்டும். ஏன் முதுகுன்னா, கார்டியாய்டு மைக் (முன்னாடி வர்ற சத்தத்தை அதிகமா பிடிக்கிற வகை) முகம் பாடுறவங்க பக்கம்தான் இருக்கு. அவங்க பின்னாடி சுவத்துல பட்டுத் திரும்புற எதிரொலிதான் நேரா மைக்குக்குள்ள போகும். மைக்குக்குப் பின்னாடி மட்டும் ஃபோம் ஒட்டினா காசு போனதுதான் மிச்சம். முட்டை ட்ரே ஒட்டுறவங்க, கரப்பான்பூச்சிக்கு வீடு கட்டிக் குடுக்கறீங்க, அவ்வளவுதான்.

ரூம் மோசம்னா, சின்னச் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக்கை விட எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் பரவாயில்ல. அதுல வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. கண்டென்சர்னா ஒரு சாண், நடுவுல பாப் ஃபில்டர் (வாய்க் காத்தைத் தடுக்கிற வலை). மைக்கை வாய்க்கு நேரா வெக்காம கொஞ்சம் ஓரமாத் திருப்புங்க, ‘ப’ வரும்போது காத்து நேரா அடிக்காது. ரெக்கார்டிங் செட்டிங் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ரொம்ப சத்தமா பாடுற இடத்துல மீட்டர் -10 டிபி கிட்ட நிக்கட்டும். 0 தொட்டு வெடிச்ச டேக்கை (ஒரு தடவை பாடி எடுத்த ரெக்கார்டிங்) முழுசா சரி பண்ண முடியாது.

ஹெட்போன்ல தன் குரல் கம்மியா கேட்டா கத்துவாங்க, சுருதி மேல ஓடும். அதிகமா கேட்டா அடக்கிப் பாடுவாங்க, கீழ எறங்கும். அப்படியும் நிக்கலன்னா ஒரு காதைத் திறந்து விடுங்க. திறந்த பக்கம் ட்ராக் கசிஞ்சு மைக்குக்குள்ள போகும், அதனால அந்தப் பக்க ஹெட்போன் கப்பைக் காதுக்குப் பின்னாடி தலையோட ஒட்டி அழுத்தி வெக்கணும்.

முழுப் பாட்டையும் ஒரே மூச்சுல வாங்காதீங்க. பல்லவி நாலு டேக், அப்புறம் சரணம் நாலு டேக். மேல போற வரியைக் குரல் சூடானதும் எடுத்துடுங்க, கடைசிக்கு விட்டா தொண்டை கட்டிடும். அப்புறம் நல்ல வார்த்தைகளைப் பொறுக்கி ஒட்டணும்.

ஒட்டுறதுலதான் நிறைய பேர் மாட்டுவாங்க. இந்த வேவ்ஃபார்ம்ல ‘பக்கம்’ங்கிற வார்த்தையைப் பெருசாக்கிக் காட்டறேன். ‘ப’ முடிஞ்சு ‘க்க’ வெடிக்கிறதுக்கு முன்னாடி கோடு தட்டையாக் கிடக்குது பாருங்க, நாக்கு அடைச்சு நிக்கிற நேரம் அது. வெட்டி ஒட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. க்க, த்த, ப்ப, ட்ட எங்க வந்தாலும் இந்த மௌனம் இருக்கும், 5 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடு (ஒண்ணு குறைய இன்னொண்ணு கூடுற இணைப்பு) போதும். ‘ஆ’ன்னு நீளுற இடத்துல வெட்டினா குரலோட நிறம் மாறுறது பளிச்னு தெரியும். மூச்சு சத்தத்தை மொத்தமா அழிக்காதீங்க, 6 டிபி எறக்கினா போதும்.

சுருதி திருத்தம். ரீட்யூன் மாதிரி சுருதி திருத்துற ப்ளகினை எல்லாத்துக்கும் ‘சி மேஜர்’ ஸ்கேல்ல விட்டீங்கன்னா கதை முடிஞ்சுது. பாட்டு 1 கட்டையில (அதாவது ‘சி’) மாயாமாளவகௌளை ராகம்னு வைங்க, ரிஷபம் சி ஷார்ப்ல இருக்கு, தைவதம் ஜி ஷார்ப்ல. மேஜர் ஸ்கேல்ல அந்த ரெண்டும் கிடையாது, பக்கத்து சுரத்துக்கு இழுத்துடும், ராகமே மாறிடும். ஸ்கேல்ல ராகத்தோட சுரங்களை மட்டும் டிக் பண்ணுங்க. கமகம் (சுரத்தை அசைச்சுப் பாடுறது) வர்ற இடத்துல ப்ளகினை ஆஃப் பண்ணிட்டு, நீட்டி நிக்கிற சுரத்தை மட்டும் கையால திருத்துங்க. வேகமா இழுத்தா கமகம் படிக்கட்டு மாதிரி தட்டையாயிடும்.

இப்போதான் மிக்ஸ். கம்ப்ரஸருக்கு (சத்தமான இடத்தை அமுக்குற ப்ளகின்) முன்னாடி வரி வரியா வால்யூமை சமப்படுத்துங்க. இல்லன்னா சத்தமான வரியில மட்டும் கம்ப்ரஸர் கழுத்தை நெரிக்கும். ஈக்யூல (கீழ், மேல் ஒலியைத் தனித்தனியா கூட்டிக் குறைக்கிறது) ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 120 ஹெர்ட்ஸ் கிட்ட, அதுக்குக் கீழ இருக்கிறதை வெட்டுங்க. டப்பாக்குள்ள பேசுற மாதிரி இருந்தா 300 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டிபி குறைங்க. கம்ப்ரஸர் 3:1, அட்டாக் (அமுக்க எடுத்துக்கிற நேரம்) 10 மில்லிசெகண்ட், குறைப்பு 5 டிபிக்குள்ள. அதுக்கப்புறம் ‘ச’, ‘ஸ’ காதைக் குத்தும், 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் டீ-எஸ்ஸர் (அந்தக் குத்தலை மட்டும் அமுக்குறது) போடுங்க.

குரல் சுமார்னா உடனே ரிவர்பை (எதிரொலி எஃபெக்ட்) அள்ளிக் கொட்டுவாங்க. சுருதி தப்பின சுரம் அதுல வாலாட்டிக்கிட்டு இன்னும் நேரம் நிக்கும். பிளேட் வகை ரிவர்ப் 1.3 செகண்ட், ப்ரீ-டிலே (ரிவர்ப் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இடைவெளி) 40 மில்லிசெகண்ட், ரிவர்போட கீழ் பகுதியை 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெட்டிடுங்க. பல்லவியில மட்டும் வேற ரெண்டு டேக்கை இடது வலதுன்னு பிரிச்சு, மெயின் குரலை விட 12 டிபி கீழ வைங்க. மூணு குரல் சேந்தா சின்னச் சின்ன சுருதித் தப்பு தெரியாது. அதே டேக்கை காப்பி பண்ணிப் போட்டா சத்தம்தான் கூடும், கனம் வராது.

இப்போ ப்ராசஸ் பண்ணதையும் பண்ணாததையும் மாத்தி மாத்திப் போடறேன். ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்திருக்கேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. சத்தமா இருக்கிறதை நல்லா இருக்குன்னு காது நம்பிடும். ஹெட்போன்ல ஒரு தடவை, போன் ஸ்பீக்கர்ல ஒரு தடவை. போன்ல வார்த்தை புரியலன்னா குரலைத் தொடாதீங்க, ட்ராக்ல 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டிபி எறக்கிட்டு மறுபடி கேளுங்க.