ஆட்டமில்லாத மாதங்கள்

பெரியோர்களே, கூடலூர்க் கால்பந்து நண்பர்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் மே மாதத்தில் முடிந்து ஆகஸ்டில் மீண்டும் தொடங்குவதற்குள், நம் ஊரில் தென்மேற்குப் பருவமழை வந்து மைதானத்தைச் சேறாக்கிவிடுகிறது. ஆடவும் வழியில்லாமல், பார்க்கவும் ஆட்டமில்லாமல், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எந்த வீரர் வருகிறார், எவர் போகிறார் என்று நாம் பேசித் தீர்க்கிறோம். அந்த மாதங்களில் நடப்பவற்றால் ஓர் அணியின் தலைவிதி உண்மையிலேயே மாறுகிறதா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

மாறுவதில்லை என்பவர்களுக்கு வலுவான சான்று ஒன்று உண்டு. 2018ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கோடையில், அதாவது நம் மழை மாதங்களில், அந்த நாட்டு டாட்டன்ஹாம் அணி ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. பருவத்தின் நடுவே வீரர்களை வாங்க வாய்ப்புள்ள அடுத்த ஜனவரியிலும் வாங்கவில்லை. அப்படியிருந்தும் 2019 ஜூன் 1 அன்று மாட்ரிட்டில் நடந்த, ஐரோப்பிய அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டியின் இறுதி ஆட்டம்வரை சென்று, லிவர்பூலிடம் 2-0 என்று தோற்றது. நானும் இந்தச் சான்றை வெகுநாள் நம்பினேன். ஆனால் வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்பதையும், பல பருவங்களாகச் சேர்ந்து ஆடிப் பழகிய வீரர்களின் அந்தப் பழக்கம் கலையாமல் காக்கப்பட்டது என்பதையும் அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

லெஸ்டர் சிட்டியின் கதை இன்னும் ஆழமானது. 2014-15 பிரீமியர் லீக் பருவத்தில் 14ஆம் இடம் பிடித்த அந்த அணி, கோடையில் பயிற்சியாளரை மாற்றி, பிரான்ஸின் கான் நகர அணியிலிருந்து கான்டே என்ற நடுக்கள வீரரை வாங்கியது. அந்தக் கோடையில் அந்தப் பெயரைக் கேட்டு நான் நிமிர்ந்து உட்காரவில்லை. அடுத்த மே மாதம் லெஸ்டர் சாம்பியன். 2016 கோடையில் கான்டே செல்சி அணிக்குப் போனார். முந்தைய பருவத்தில் 10ஆம் இடத்தில் இருந்த செல்சி கோப்பையை வென்றது, லெஸ்டர் 12ஆம் இடத்துக்கு இறங்கியது. செல்சிக்குப் புதிய பயிற்சியாளரும் வந்திருந்தார் என்பதால் எல்லாப் பெருமையையும் ஒருவருக்கே கொடுப்பது நியாயமாகாது. ஆயினும் அந்த இரண்டு கோடைகளும் வெறும் ஓய்வுக்காலம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் அன்றே அது நம் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? நம் தோட்டங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைக்குக் கவாத்து செய்கிறோம். இலையெல்லாம் போய்க் குச்சியாக நிற்கும் செடியைப் பார்க்கும் வெளியூர்க்காரர், அது பட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார். மீண்டும் துளிர்ப்பதற்கான பலம் வேரில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தில் இருக்கிறது. அது குறைந்த செடி கவாத்துக்குப் பின் காய்ந்துபோகக்கூடும். வெட்டிய அன்று இரண்டு செடிகளும் ஒன்றுபோலத்தான் நிற்கும். ஜூலை மாதத்து ரசிகர் பார்ப்பது அந்தக் குச்சிகளை.

எனவே ஓய்வுக்காலம் முக்கியமானது என்றும், அதன் முக்கியத்துவத்தை அந்தக் காலத்திலேயே அளக்க முடியாது என்றும் நான் கருதுகிறேன். அளக்க முடியாததைப் பற்றி மூன்று மாதம் பேசுவது வீண் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவு தெரியாத நிலையிலும் ஓர் அணியை மனத்தில் வைத்துக் காத்திருப்பவரைத்தானே ரசிகர் என்கிறோம்? வந்தவரின் விலையை மட்டும் பேசாமல், போனவர் யாருக்குப் பக்கத்தில் நின்று ஆடினார் என்பதையும் பேசினால், அந்தப் பேச்சு வேருக்குச் சற்று அருகில் போகும்.

பின்வரிசையில் இருக்கும் தம்பிகளுக்கு இதில் மாற்றுக் கருத்து இருப்பது முகத்திலேயே தெரிகிறது. இனி அவர்கள் பேசட்டும். நன்றி, வணக்கம்.