ஒன்பது வயசு நாய்க்கும் ஒரு வீடு உண்டு, நடுவர் அவர்களே!

தலைப்பு: காப்பகத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வர ஏற்றது குட்டியா, வயதான நாயா? ‘வயதான நாயே’ என்ற அணியின் உரை.

நடுவர் அவர்களுக்கும், ரெண்டு அணிக்கும், வந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி நண்பர் ஒரே ஒரு பழமொழியைச் சொல்லிக் கைதட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? ஒன்பது வயசு நாயைக் கொண்டாந்து என்னத்தைப் பழக்குவீங்க? கடிச்சிட்டுத்தானே கூண்டுக்கு வந்திருக்கு?”ன்னு கேட்டாரு. நீங்களும் தட்டினீங்க. அந்தக் கைதட்டை இந்தப் பக்கம் கொண்டு வராம நான் உட்காரப் போறதில்லை.

“கடிச்சிட்டுத்தானே வந்திருக்கு” – இதை முதல்ல எடுத்துக்கறேன். காப்பகத்துல வேலை பார்க்கிறவங்களுக்குப் பழகின கதை இது. ஊர் மாறும், நாயோட நிறம் மாறும், கதை மாறாது.

வரிசையில கடைசிக் கூண்டு. உள்ளே ஒன்பது வயசு நாய். வெளியில ஒரு அட்டை தொங்குது: “கோபக்காரன். காரணம் இல்லாமல் கடிக்கும்.” குடும்பம் குடும்பமா வர்றாங்க, அட்டையைப் படிக்கிறாங்க, எட்டிப் பார்க்கிறாங்க. அது சுவரைப் பார்த்துத் தூங்குது. “ஏ பையா, இங்கே பாரு”ன்னு கூப்பிடுறாங்க. எந்திரிக்கலை. “கோபக்காரன் மட்டுமில்லை, திமிரும் இருக்கு”ன்னு சொல்லிட்டு, பக்கத்துக் கூண்டுல துள்ளுற குட்டிகிட்ட போயிடறாங்க.

இதே கதையை இப்போ ஊழியர் பக்கத்துல இருந்து பாருங்க. காலையில கூண்டு கழுவ வர்றாரு. கதவைத் திறக்கிறாரு. தூங்குற நாயை நகர்த்தணுமேன்னு முதுகுல கை வைக்கிறாரு. அது வெடுக்குன்னு திரும்பி மணிக்கட்டைக் கவ்வுது. அடுத்த நொடி விட்டுடுது. வாலை இடுக்கிக்கிட்டு மூலைக்குப் போயிடுது. தோல்ல பல் தடம் இருக்கு, ரத்தம் இல்லை. பதிவேட்டுல என்ன எழுதுறாங்க? “காரணம் இல்லாமல் கடித்தது.” கவ்வினதை எழுதினாங்க. உடனே விட்டதை யாரும் எழுதலை!

மூணாவது தடவையும் அதே கதைதான், பொறுத்துக்கோங்க. ஒருநாள் தண்ணிக் கிண்ணம் ஒண்ணு கைதவறி சிமெண்ட் தரையில விழுது. நங்குன்னு சத்தம். அந்த வரிசையில இருக்கிற அத்தனை நாயும் எந்திரிச்சுக் குரைக்குது. இது மட்டும் அப்படியே படுத்திருக்கு. காது மடல்கூட அசையலை. ஒருத்தர் பின்னாடி நின்னு கைதட்டிப் பார்க்கிறாரு, ஒண்ணும் இல்லை. காலைத் தூக்கித் தரையில ஓங்கி மிதிக்கிறாரு. அதிர்வு வயித்துல பட்டதும் தலையைத் தூக்குது, திரும்பிப் பார்க்குது, வாலை ஆட்டுது.

காது கேட்கலை, நடுவர் அவர்களே! கோபமும் இல்லை, திமிரும் இல்லை. தூக்கத்துல திடீர்னு மேல ஒரு கை விழுந்தா எந்த உயிரும் பதறத்தான் செய்யும். இதுல எது “காரணம் இல்லாமல்”?

சரி, அதுக்கு என்ன வழி? தூங்குற நாயை நேராத் தொடாதீங்க. முதல்ல ரெண்டடி தள்ளி நின்னு தரையை மிதிங்க. அப்புறம் புறங்கையை மூக்குக்கு முன்னாடி கொண்டு போய் நிறுத்துங்க, மோந்து எந்திரிக்கட்டும். அதுக்கப்புறம் தோள்பட்டையில லேசாத் தொட்டு, உடனே ஒரு துண்டு தீனி. ஒவ்வொரு தடவையும் தீனி, விட்டுடாதீங்க. தினமும் இப்படியே செஞ்சா, தொட்டாலே நல்லது வருதுன்னு அதுக்குப் பிடிபடும். பேச்சுக்குப் பதிலா கைச்சைகை: கட்டைவிரலை உயர்த்தினா “சபாஷ்”, உள்ளங்கையை மேல தூக்கினா “உட்கார்”. ஒரு எச்சரிக்கை மட்டும். காது கேட்காத நாயை வெளியில வார் இல்லாம விடவே கூடாது. நீங்க கூப்பிட்டாலும் தெரியாது, வண்டி வந்தாலும் தெரியாது.

காது மட்டும்தானா? பின்னிடுப்பைத் தொட்டா உறுமுற நாய்க்கு மூட்டு வலி இருக்கான்னு பாருங்க. முகத்துகிட்ட கை போனா சீறுதா, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பாருங்க. மூணு வயசைத் தாண்டின பெரும்பாலான நாய்களுக்கு ஈறு நோய் ஏதோ ஒரு அளவுல இருக்கு. ஒன்பது வயசுல கேட்கவா வேணும்! படுக்கையை நனைக்குதுன்னு திருப்பி அனுப்பப்பட்ட பெண் நாய்ல, கருத்தடை செஞ்சதுக்கு அப்புறம் ஹார்மோன் குறைஞ்சு தூக்கத்துல தன்னை அறியாமச் சொட்டுறது நிறைய. அதுக்கு மருந்து இருக்கு. தண்ணியும் அதிகமாக் குடிக்குதுன்னா சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சோதிக்கணும். கண்ணு நீலமா மங்கியிருந்தா உடனே குருடுன்னு முடிவு கட்டாதீங்க. வயசானா லென்ஸ் அப்படி ஆகும், பார்வை பெரும்பாலும் இருக்கும். கண்புரை வேற. அதை டாக்டர் பிரிச்சுச் சொல்லுவாரு.

அதனால வயசான நாய்க்கு “குணம் கெட்டது”ன்னு எழுதுறதுக்கு முன்னாடி ரத்தம், சிறுநீர், பல், மூட்டு, காது, கண் எல்லாத்தையும் பாருங்க. வலி இருக்குன்னு நம்ம வீட்டு மாத்திரையை மட்டும் கொடுத்துடாதீங்க. இபுப்ரோஃபென், பாராசிட்டமால் ரெண்டும் நாய்க்கு விஷமாகும். கல்லீரல், சிறுநீரகம் பார்த்துட்டு டாக்டர் எழுதுற மருந்து மட்டும்தான்.

இப்போ பழமொழிக்கு வர்றேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாதாம். வியன்னாவுல 95 பார்டர் கோலி நாய்களைத் தொடுதிரை முன்னாடி நிறுத்திப் படங்களைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினாங்க. ஆய்வு 2016-ல வெளியாச்சு. அஞ்சு மாசக் குட்டியில இருந்து 13 வயசு நாய் வரைக்கும் அதுல இருந்துச்சு. வயசான நாய்ங்க கத்துக்க அதிக நேரம் எடுத்துக்கிச்சு, உண்மை. ஆனா, “இது இல்லைன்னா அதுதான்”னு கழிச்சுப் பார்த்து முடிவு பண்ற சோதனையில வயசானதுங்கதான் முந்திச்சு. ஆறு மாசம் கழிச்சு ஞாபகம் இருக்கான்னு பார்த்தாங்க, அதுல இளசு கிழடுன்னு வித்தியாசமே இல்லை! ஐம்பதும் வளையும் நண்பரே, கொஞ்சம் பொறுமையா வளையும். அவ்வளவுதான்.

ஐந்து எப்படி வளையுதுன்னும் பார்த்துடுவோம். ரெண்டு மாசக் குட்டியால ரெண்டு மணி நேரத்துக்கு மேல சிறுநீரை அடக்க முடியாது. ராத்திரியும் நீங்கதான் எந்திரிக்கணும். 28 பால் பல்லும் விழுந்து 42 பல் முளைக்கிற வரைக்கும், அதாவது ஆறு மாசம் வாக்கில, செருப்பு, நாற்காலிக் கால், உங்க கை எல்லாம் அதுக்குக் கடிபொருள்தான். எவ்வளவு பெருசாகும், என்ன குணம்னு எல்லாமே ஊகம். ஒன்பது வயசு நாய் எவ்வளவு வளர்ந்திருக்கோ அவ்வளவுதான், பார்த்தே எடுக்கலாம்.

“கூண்டுல பாய்ந்து குரைச்சதே”ன்னு கேட்பீங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் போக முடியாத தவிப்பு அது. வெளியில வார் பிடிச்சு நடத்தினா வேற நாயைப் பார்ப்பீங்க. காப்பகத்து நாய்களை ஒண்ணு ரெண்டு ராத்திரி வீட்டுல தங்க வச்சு, சிறுநீர்ல கார்டிசால், அதாவது மன அழுத்தத்துல கூடுற ஹார்மோன், எவ்வளவுன்னு அளந்திருக்காங்க. வீட்டுல இருந்தப்போ அந்த அளவு இறங்குச்சு, திரும்பக் கூண்டுக்குப் போனதும் பழையபடி ஆச்சு. அதனால நேராத் தத்துன்னு முடிவு பண்ணாம, முதல்ல ரெண்டு வாரம் வச்சுப் பார்க்க விடுவாங்களான்னு கேளுங்க.

எதிரணியில இன்னொருத்தர், “கூட்டிட்டுப் போன வேகத்துல திருப்பிக் கொண்டாந்து விடறாங்களே”ன்னாரு. ஏன் அப்படி ஆகுது? முதல் நாளே குளிப்பாட்டி, சொந்தக்காரங்களை எல்லாம் வரவழைச்சு, கட்டிப்பிடிச்சுப் படம் எடுக்கிறாங்க. மிரண்ட நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கிட்டு ஓடுது, இல்லைன்னா கடிக்குது. வண்டியில இருந்து இறக்கும்போதே கழுத்துப்பட்டைக்கு ஒரு வார், மார்பைச் சுத்திப் போடுற ஹார்னஸுக்கு ஒரு வார்னு ரெண்டு போடுங்க. முதல் மூணு நாள் ஒரே அறை, படுக்கை, தண்ணி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியில. விருந்தாளி வேண்டாம். வழுக்குற தரையில மிதியடி விரிங்க. தீனியை ஒரே நாள்ல மாத்தாதீங்க. பழையதுல புதுசு கால் பங்கு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால்னு ஏழு நாள்ல இருந்து பத்து நாள் ஆகட்டும். வீட்டுல ஏற்கெனவே நாய் இருந்தா, ரெண்டையும் பொதுவான இடத்துல இடைவெளி விட்டு ஒரே திசையில நடத்திட்டு அப்புறம் உள்ளே கூட்டிட்டு வாங்க. உறுமினா அதட்டாதீங்க. அது எச்சரிக்கை, அதை அடக்கிட்டா அடுத்து எச்சரிக்கை இல்லாமப் பல்லுதான் வரும். மூணு நாள்ல மிரட்சி குறையும், மூணு வாரத்துல பழக்கம் படியும், மூணு மாசத்துல உங்க நாயாகும்னு காப்பகங்கள்ல ஒரு கணக்கு வச்சிருக்காங்க. மூணாவது நாள் திருப்பி அனுப்புறவங்க அந்த நாயை இன்னும் பார்க்கவே இல்லை.

எல்லா நாயையும் எடுங்கன்னு எங்க அணி சொல்லலை. ஆழமாக் கடிச்சு விடாமக் குதறின வரலாறு இருந்தா, நடத்தை நிபுணர் பார்க்காம எடுக்காதீங்க. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஆனா கவ்வி விட்டதும் கடிச்சுக் குதறினதும் ஒரே அட்டையில ஒரே வரியா இருக்கக் கூடாது, ஐயா!

கடைசியா எதிரணித் தலைவர் கேட்டாரே, “ரெண்டு வருஷத்துல சாகப்போற நாயைக் கொண்டாந்து அழணுமா?”ன்னு. அழுவோம், ஐயா. எந்த நாயை வளர்த்தாலும் ஒருநாள் அழத்தான் போறோம். அந்த நாய்க்கு இதுக்கு முன்னாடி ஒரு வீடு இருந்திருக்கும். யாரோ சாப்பாடு போட்டிருப்பாங்க, பேர் வச்சிருப்பாங்க. அவங்க செத்துப் போயிருக்கலாம், வீடு மாறிப் போயிருக்கலாம், இல்லை காது கேட்கலைன்னு தெரியாம விட்டுட்டே போயிருக்கலாம். குட்டிக்குக் கூண்டு மட்டும்தான் தெரியும். இதுக்கு வீடுன்னா என்னன்னு தெரியும், அது போனதும் தெரியும். அந்த ரெண்டு வருஷத்தை சிமெண்ட் தரையிலயே கழிச்சுட்டுப் போகட்டும்னு சொல்ல எனக்கு மனசு வரலை. உங்களுக்கு வருதா?

மணி அடிச்சிட்டீங்க. குட்டிகளுக்கு ஆள் வந்துடும், நடுவர் அவர்களே. இதுக்கு நீங்கதான் தீர்ப்பு சொல்லணும். நன்றி, வணக்கம்.