பிக்கப்பின் தரைக்கு ரப்பரா, கார்பெட்டா?

நேயர்களுக்கு வணக்கம். வண்டிகளுக்கு சீட் தைப்பதும் தரை விரிப்பதும் என் தொழில். பிக்கப் வைத்திருப்பவர்கள் வந்து, “தரைக்கு ரப்பர் போடலாமா, கார்பெட் போடலாமா?” என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது அவர்கள் காலில் கிடக்கும் செருப்பைத்தான்.

சேறும் சிமெண்டும் ஒட்டிய காலோடு ஏறுகிறவருக்கு ரப்பர். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் முடிந்தது. கார்பெட்டில் மண் அப்படிப் போகாது. பொடி மணல் இழைகளின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, கால் வைக்கும்போதெல்லாம் அரம்போல அறுக்கும். ஓட்டுகிறவரின் குதிகால் படும் இடம் முதலில் வழுக்கையாவது அதனால்தான். (ரப்பர் என்று வாய் சொன்னாலும், புது வண்டிகளில் பொருத்தி வருவது பெரும்பாலும் வினைல் என்ற பிளாஸ்டிக்.)

கார்பெட்டுக்கு வக்காலத்து வாங்கவும் ஆள் வேண்டும். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், டயர் இரைச்சல் தகரத்தின் வழியே ஏறி வந்து காதை அடைக்கும். கார்பெட்டும் அதன் அடியில் இருக்கும் மெத்தையும் அதை உறிஞ்சும். கீழே ஓடும் புகைக்குழாயின் சூட்டையும் தணிக்கும். கனத்த ரப்பர் கீழிருந்து வரும் சத்தத்தை மறிக்கும், ஆனால் கேபினுக்குள் எதிரொலிப்பதை உறிஞ்சாது.

இனி, யாரும் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் வண்டி கொண்டுவந்தார். ரப்பர் தரை, துடைத்துவிட்டதுபோல் இருந்தது. “அண்ணே, கண்ணாடிய ஏத்தினா ஒரு வாடை அடிக்குது” என்றார். கதவோரத் தகட்டைக் கழற்றி ரப்பரின் விளிம்பைத் தூக்கினேன். அடியிலிருந்த மெத்தையை அமுக்கினால் விரலிடுக்கில் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. நகத்தால் சுரண்டினேன், துரு செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு, அத்தனையும் உள்ளே இறங்கியிருக்கிறது. கார்பெட்டாக இருந்தால் முதல் வாரத்திலேயே கால் நனைந்து காட்டிக்கொடுத்திருக்கும். ரப்பர் மேலே கொட்டுவதைத் தடுக்கும், கீழே புகுந்ததை மூடி மறைக்கும். வயர் இணைப்புகள் பலவும் அந்தத் தரையோரமாகத்தான் ஓடுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்பெட்டுக்கு மேலே, விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு (மேட்) போட்டுக்கொள்வது நடுவழி. எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அந்த வண்டிக்கென்றே வெட்டியதாக இருக்க வேண்டும், கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். பழைய மேட் கிடக்க, அதன் மேலேயே புது மேட் போடவே கூடாது. மேட் நகர்ந்து ஆக்ஸிலரேட்டரில் சிக்கும் ஆபத்துக்காக, 2009-இல் டொயோட்டா அமெரிக்காவில் ஏறக்குறைய 38 லட்சம் வண்டிகளுக்கு ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைப்பு, அறிவித்தது. டகோமா, டண்ட்ரா பிக்கப்களும் அதில் அடக்கம்.

ரப்பர் மினுமினுக்க வேண்டுமென்று சிலர் டயர் பாலிஷை எடுத்துத் தரையில் தேய்க்கிறார்கள். செருப்படியில் அது ஒட்டும், பிரேக்கை மிதித்தால் கால் வழுக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

எதைப் போட்டிருந்தாலும், மழை ஓய்ந்ததும் ஒருநாள் கதவோரத் தகட்டைக் கழற்றுங்கள். விரிப்புக்கு அடியில் கையை விட்டு, மெத்தையை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். வணக்கம்.