ஒரு மீட்டர் கம்பை வச்சு பூமியை அளந்த கதை

[திரையில்: பள்ளிக்கூட முற்றம், சிமெண்டுத் தரை. நட்டுவைத்த கம்பு. பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டியால் போட்ட புள்ளிகள்.]

இந்தக் கம்போட உயரம் ஒரு மீட்டர். 2024 மார்ச் 20, புதன்கிழமை, மதியம் 12 மணி 24 நிமிஷத்துக்கு இதோட நிழல் 18 சென்டிமீட்டர்.

[திரையில்: பனி மூடிய இன்னொரு முற்றம், அதே உயரத்தில் ஒரு குச்சி.]

அதுக்குக் கொஞ்ச நிமிஷம் கழிச்சு எடுத்த படம் இது. இதுவும் ஒரு மீட்டர்தான். நிழல் 93 சென்டிமீட்டர். இடம் அல்மாத்தி, கஜகஸ்தானோட பெரிய நகரம்.

நான் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில அறிவியல் எடுக்கிறேன். இந்த ரெண்டு நிழலையும் வச்சு எங்க பசங்களும் அந்த ஊர்ப் பசங்களும் பூமியோட சுற்றளவைக் கண்டுபிடிச்சாங்க. அது எப்படின்னு சொல்றேன், நடுவுல நான் சொதப்பினதையும் சேர்த்து.

முதல் சொதப்பல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். இதுக்கு முந்தின வருஷம் வேற ஒரு நாட்டு வகுப்போட வீடியோ கால் போட்டோம். பேனர் கட்டி, பசங்களுக்குத் தலை சீவி விட்டு, ஸ்மார்ட் போர்டை ஆன் பண்ணி உட்கார்ந்தோம். "ஹலோ", "ஹவ் ஆர் யூ", "வாட் இஸ் யுவர் ஃபுட்". இட்லின்னு சொன்னோம், அவங்களும் ஏதோ சொன்னாங்க. ஏழாவது நிமிஷத்துல ரெண்டு பக்கமும் பேச்சு நின்னுபோச்சு. பசங்க சிரிக்கிறாங்க, கையாட்டுறாங்க, அவ்வளவுதான். ஃபோட்டோ நல்லா வந்துச்சு. மறுநாள் யாருமே அதைப்பத்திப் பேசல.

அப்புறம் யோசிச்சப்போதான் உறைச்சது. அந்த வகுப்புகிட்ட எங்களுக்கு வேண்டியது ஒண்ணும் இல்ல, எங்ககிட்ட அவங்களுக்கும் ஒண்ணும் இல்ல. கல்யாண வீட்டுல பக்கத்து இலையில உட்கார்ந்த ஆள் மாதிரி ரெண்டு வார்த்தை பேசிட்டு எழுந்துட்டோம். அடுத்த தடவை அவங்க கொடுக்கிற ஒண்ணு இல்லாம எங்க வேலை முடியவே கூடாது, எங்களது இல்லாம அவங்களதும் முடியக் கூடாது, அப்படி ஒரு வேலையைப் பிடிக்கணும்னு முடிவு பண்ணேன்.

அப்படி ஒரு வேலை 2200 வருஷமா நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கு.

[திரையில்: எகிப்து வரைபடம். அலெக்சாண்ட்ரியா, சையீன்.]

எரடோஸ்தனிஸ் அலெக்சாண்ட்ரியாவில இருந்த கிரேக்க அறிஞர். தெற்கே சையீன்ங்கிற ஊர்ல, இன்னைக்கு அதுக்கு அஸ்வான்னு பேரு, கோடையில ஒரு நாள் உச்சிவெயில்ல நிழலே விழாதுன்னு அவருக்குத் தெரியும். அதே நாள் அலெக்சாண்ட்ரியாவில நிழல் விழுது. சூரியன் சாய்ஞ்ச அளவு ஒரு வட்டத்துல ஐம்பதுல ஒரு பங்கு. ரெண்டு ஊருக்கும் தூரம் 5000 ஸ்டேடியா, அது அந்தக் காலத்து கிரேக்க நீள அளவு. ஐம்பதால பெருக்கினா பூமியோட சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா.

இது ஏன் வேலை செய்யுது? அதுக்கு ஒரு சாத்துக்குடி போதும்.

[திரையில்: சாத்துக்குடி, இரண்டு துடைப்பக் குச்சி, மேஜை விளக்கு.]

சாத்துக்குடியில ரெண்டு குச்சியைத் தள்ளித்தள்ளிக் குத்துங்க. உள்ளே நீட்டிக்கிட்டே போனா ரெண்டும் நடு மையத்துல சந்திக்கணும், அப்படிக் குத்துங்க. சூரியன் ரொம்பத் தொலைவில இருக்கிறதால வெளிச்சம் ரெண்டு குச்சிக்கும் ஒரே திசையில, இணையா வருது. ஆனா பழம் வளைஞ்சிருக்கு. அதனால ஒரு குச்சிக்கு நிழல் சின்னது, இன்னொண்ணுக்குப் பெருசு. ரெண்டு இடத்துலயும் வெயில் சாயுற கோணத்தை அளந்து கழிச்சா, மையத்துல அந்த ரெண்டு குச்சிக்கும் நடுவுல இருக்கிற கோணம் கிடைக்கும். அந்தக் கோணம் 360-ல எத்தனை பங்கோ, ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கிற தூரமும் முழுச் சுற்றளவுல அத்தனை பங்கு. பழம் தட்டையா இருந்தா ரெண்டு நிழலும் ஒரே நீளமாத்தான் இருக்கும்.

ஒரு நிழலை நாங்க அளந்துடலாம். இன்னொண்ணு வேணுமே?

வெளிநாட்டு ஆசிரியர்களோட சேர்ந்து ஒரு ஆன்லைன் பயிற்சியில இருந்தேன். அதுல அல்மாத்தியிலேர்ந்து ஒரு ஆசிரியை வந்திருந்தாங்க. வரைபடத்தைத் திறந்து பார்த்தப்போ நிமிர்ந்து உட்கார்ந்துட்டேன். மேலூர் ஏறக்குறைய 78 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடு, அல்மாத்தி 77. அதாவது எங்க பள்ளிக்கூடத்து வாசல்லேர்ந்து மூக்குக்கு நேரா வடக்கே நடந்தா, இமயமலையெல்லாம் தாண்டி ஏறக்குறைய அவங்க ஊர்ல போய் நிக்கலாம். எங்களுக்கு உச்சிவெயில் வந்த கொஞ்ச நிமிஷத்துல அவங்களுக்கும் வந்துடும். தீர்க்கக்கோடு ஒண்ணா இருந்தே ஆகணும்னு இல்ல, அவங்கவங்க உச்சிப்பொழுதுல அளந்தாலே போதும். ஆனா ஒண்ணா இருந்தா நேரடித் தூரத்தையே கணக்குல போட்டுக்கலாம்.

அவங்க பசங்க பேசுறது கஜக், ரஷ்யன். எங்க பசங்க தமிழ். ரெண்டு பக்கமும் இங்கிலீஷ் அரைகுறை. எண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்ங்கிறது எவ்வளவு பெரிய நிம்மதின்னு அப்போதான் தெரிஞ்சது. அங்கே பெண் ஆசிரியரை 'அப்பாய்'னு கூப்பிடுவாங்க, அக்கான்னு அர்த்தம். ஆண் ஆசிரியர்னா 'அகாய்', அண்ணன். எங்க பக்கம் அப்பாயின்னா அப்பாவோட அம்மா. "சார், இவங்க இவ்வளவு சின்ன வயசு அப்பாயியா?"ன்னு ஆரம்பிச்ச சிரிப்பு அடங்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு.

அனுமதி விஷயம், சுருக்கமா. தலைமை ஆசிரியர்கிட்ட எழுதிக் கொடுத்தேன், பள்ளி மேலாண்மைக் குழுவில பேசினேன், பெற்றோர்கிட்ட கையெழுத்து வாங்கினேன். பசங்க முகமோ பேரோ வெளியே போகாது, கையும் கம்பும் நிழலும்தான் போகும். இதைச் செய்யாம எதையும் தொடங்காதீங்க.

இப்ப ரெண்டாவது சொதப்பல்.

[திரையில்: இரண்டு கடிகாரங்கள்.]

பிப்ரவரியில திட்டம் போட்டோம். அப்போ அல்மாத்தி கடிகாரம் நம்ம கடிகாரத்தைவிட அரை மணி நேரம் முன்னாடி ஓடிச்சு. மார்ச் 13 ஒத்திகை. நமக்கு 12:15, அவங்களுக்கு 12:45. எழுதி ஒட்டியாச்சு. அன்னைக்கு 12:15-லேர்ந்து காத்திருக்கோம், யாரும் வரல. நெட்டைக் குறை சொன்னேன், போனை மாத்தினேன், மரத்தடிக்கு ஓடினேன். பசங்க சத்துணவுத் தட்டோட வரிசையில நிக்கும்போது, ஒன்றேகாலுக்கு அழைப்பு வருது. அந்தம்மா சிரிச்ச முகமா, "நாங்க சரியான நேரத்துக்கு வந்துட்டோம்"ங்கிறாங்க.

நடந்தது என்னன்னா, கஜகஸ்தான் 2024 மார்ச் 1-லேர்ந்து நாடு முழுக்க ஒரே நேரம்னு மாத்திடுச்சு. அல்மாத்தியில கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சுட்டாங்க. நம்மைவிட அரை மணி முன்னாடி இருந்த ஊர் ஒரே ராத்திரியில அரை மணி பின்னாடி போயிடுச்சு. நான் செய்தி பார்க்கல. அவங்களுக்கு அது பழகிப்போன விஷயம், அதனால சொல்லத் தோணல.

ஆனா இந்தக் குழப்பம் ஒரு நல்ல கேள்வியைக் கொண்டுவந்துச்சு. கடிகாரத்தை அரசாங்கம் மாத்தலாம், சூரியன் கேட்குமா? அப்ப உச்சிப்பொழுது எப்போன்னு எதை வச்சுச் சொல்றது? நிழலை வச்சுத்தான். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை நிழலோட நுனியில புள்ளி வைக்கணும். குறைஞ்சுக்கிட்டே வந்து, எப்போ திரும்ப நீள ஆரம்பிக்குதோ, அதுக்கு முந்தின குட்டி நிழல்தான் உச்சிப்பொழுது. மணி 12:24 ஆனதுக்கும் காரணம் இருக்கு. நம்ம கடிகாரம் நாடு முழுக்க 82½ டிகிரி தீர்க்கக்கோட்டுக்குப் பொதுவானது. நாங்க அதுக்கு மேற்கே இருக்கோம், சூரியன் எங்களுக்கு உச்சிக்கு வர அவ்வளவு தாமதம். அதோட மார்ச் மாசத்துல சூரியனே கடிகாரத்தைவிட ஏழெட்டு நிமிஷம் பின்தங்கி வரும்.

சரி, மார்ச் 20 எதுக்கு? அது சம இரவு நாள். அன்னைக்குச் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. அதனால அன்னைக்கு அளக்கிற கோணமே உங்க ஊரோட அட்சரேகை, அதாவது பூமத்திய ரேகையிலேர்ந்து உங்க ஊர் எத்தனை டிகிரி தள்ளி இருக்குங்கிறது. வேற நாள்லயும் அளக்கலாம், ரெண்டு ஊரும் ஒரே நாள்ல அளந்தா சரி. அவங்களுக்கு இன்னொரு அவசரமும் இருந்துச்சு. 21-லேர்ந்து 23 வரைக்கும் நவுரிஸ், அவங்க வசந்தகாலப் புத்தாண்டு. ஏழு பொருள் போட்டு, பால், மோர், தானியமெல்லாம் சேர்த்து ஒரு கூழ் காய்ச்சுவாங்களாம். "நம்ம கம்பங்கூழ் மாதிரியா சார்?" கிட்டத்தட்ட.

[திரையில்: ரசமட்டம், தூக்குக்குண்டு.]

கம்பை நேரா நிறுத்தறதுதான் பெரிய வேலை. ஒரு டிகிரி சாய்ஞ்சாலும் கணக்கு போச்சு. ஒரு பையனோட அப்பா கொத்தனார். ரசமட்டமும் தூக்குக்குண்டும் எடுத்துட்டு அவரே வந்துட்டார். தரையை ரசமட்டத்துல பார்த்து, "டீச்சருங்க போட்ட தரையா இது?"ன்னு ஒரு பார்வை பார்த்தார். ஒரு ஓரத்துல நல்ல இடம் காட்டி, குண்டு கட்டிக் கம்பை நிறுத்திக் கொடுத்தார். அன்னைக்கு எங்ககிட்ட இருந்ததுலயே உருப்படியான தொழில்நுட்பம் அந்த நூலும் குண்டும்தான்.

அன்னைக்கு வீடியோ கால் நிக்காம ஓடல. படம் உறைஞ்சுபோச்சு, குரல் துண்டுதுண்டா வந்துச்சு, நாலாவது நிமிஷத்துல விட்டுட்டோம். அதனால ஒண்ணும் கெட்டுப்போகல. 12:40-க்கு வாட்ஸ்அப்புல படம் வந்துச்சு. பனியில ஒரு அளவு நாடா, பக்கத்துல உறை போட்ட ஒரு சின்னக் கை. 93.

நிழலோட ஓரம் கூர்மையா இருக்காதுங்கிறதையும் கவனிங்க. சூரியன் ஒரு புள்ளி இல்ல, வானத்துல அரை டிகிரி அகலம் இருக்கு. அதனால எங்க நிழல் நுனியில ஒரு சென்டிமீட்டர் மங்கல், அவங்களுதுல ரெண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. மங்கலோட நடுவுல அளக்கணும்னு ரெண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வச்சிருந்தோம்.

எட்டாம் வகுப்புக்கு முக்கோணவியல் வராது. கிராஃப் தாள்ல பத்து சென்டிமீட்டர் செங்குத்துக் கோடு, கீழே 1.8. இன்னொரு படத்துல 9.3. பாகைமானியை வச்சாங்க.

[திரையில்: 43 − 10 = 33. 3690 × 360 ÷ 33 = 40,254]

பத்து டிகிரி, நாப்பத்திமூணு டிகிரி. வித்தியாசம் 33. ரெண்டு ஊருக்கும் தூரம் 3690 கிலோமீட்டர். விடை 40,254. துருவம் வழியா பூமியோட சுற்றளவு 40,008. வகுப்பு கத்தின கத்துல பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தாங்க. நான் பசங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்: இதுல பாதி அதிர்ஷ்டம். பாகைமானியில அரை டிகிரி தவறினாலே அறுநூறு கிலோமீட்டர் முன்னப்பின்ன போயிருக்கும்.

அப்போ கடைசி வரிசையிலேர்ந்து ஒரு பொண்ணு எழுந்தா. "சார், 3690-ங்கிறது எங்கேர்ந்து வந்துச்சு?" ஆன்லைன் வரைபடத்துலேர்ந்து எடுத்தேன்னேன். "அந்த வரைபடத்துக்கு பூமி எவ்வளவு பெருசுன்னு முன்னாடியே தெரியும்தானே? அப்ப நாம காப்பி அடிச்சிட்டோம்."

எனக்குப் பதில் இல்ல. அவ சொன்னது சரி. ஆளு நடந்தோ சங்கிலி பிடிச்சோ அளந்த தூரமா இருந்தாத்தான் இது முழுசா நம்ம கணக்கு.

[திரையில்: பரங்கிமலை. பிறகு தஞ்சைப் பெரிய கோவில் விமானம்.]

அப்படி அளந்தவங்க நம்ம ஊர்லதான் தொடங்கினாங்க. 1802-ல சென்னை பரங்கிமலைப் பக்கத்துல வில்லியம் லாம்ப்டன்ங்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நூறு அடி எஃகுச் சங்கிலியை மாத்தி மாத்திப் போட்டு, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிப்படைக் கோடு அளந்தார். அதிலேர்ந்து முக்கோணம் முக்கோணமா தெற்கேயும் வடக்கேயும் போனாங்க. உயரமான இடம் வேணும்னு 1808-ல தஞ்சைப் பெரிய கோவில் விமானத்து மேல கோணம் அளக்கிற, அரை டன் எடையுள்ள தியோடலைட்ங்கிற கருவியை ஏத்தும்போது அது மோதி சேதமாச்சு. அவங்க கன்னியாகுமரியிலேர்ந்து இமயம் வரைக்கும் அளந்துக்கிட்டுப் போன கோடு 78-வது தீர்க்கக்கோட்டை ஒட்டித்தான். எங்க கம்புக்கும் அல்மாத்திக் குச்சிக்கும் நடுவுல நாங்க இழுத்த கோடும் அதை ஒட்டித்தான் போகுது. இதை அந்தப் பொண்ணே ஒரு தாள்ல வரைஞ்சு அல்மாத்திக்கு அனுப்பினா.

அதுக்கப்புறம் நாங்க வீடியோ காலே போடல. குரல் பதிவு, படம், எண்ணு, இப்படியே போச்சு. அவங்க ஊர் மலையில காட்டு ஆப்பிள் இருக்கு, உலகத்து ஆப்பிளுக்கெல்லாம் அதுதான் பாட்டின்னு ஒருநாள் படம் வந்துச்சு. பதில் வர மூணு நாள் ஆனாலும் அந்த மூணு நாளும் பசங்க அதைப்பத்திப் பேசினாங்க.

ஏப்ரல் நடுவுல எங்க ஊர்ல நிழலில்லா நாள் வரும். சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்துடும். அப்போ பள்ளி விடுமுறை. ஒரு பையன் வீட்டு மாடியில தண்ணி பாட்டிலை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினான். பாட்டிலைச் சுத்தி நிழலே இல்ல. அல்மாத்தி கடகரேகைக்கு ரொம்ப வடக்கே இருக்கு, அங்கே வருஷத்துல ஒருநாள்கூட இது நடக்காது. அவங்க பசங்க படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்துட்டு ஒரே வரியில பதில் போட்டாங்க: "நிழலை அழிச்சிட்டீங்க."

மறுநாள் அவன் அதே நேரத்துக்கு மாடியேறி, பாட்டிலைச் சுத்திச் சுத்தி வந்து வீடியோ எடுத்தான். கடைசியில வெறுங்காலோட தானே பக்கத்துல நின்னான். சிமெண்டுத் தரை சுட்டதால குதிச்சுக்கிட்டே இருந்தான். நிழல் அவன் பாதத்தை விட்டு வெளியே வரவே இல்ல.

[திரையில்: அந்த வீடியோ. பாதங்கள் மட்டும்.]